குளவி குத்திய ஞாயிற்றுக்கிழமை

டிலானி என் முன்னால் வந்து நின்று, ஒரு சொல்லும் சொல்லாமல், வாயை அகலத் திறந்து காட்டினாள்.

நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி நாக்கு சிவந்து தடித்துக்கொண்டு வந்தது. அவளுடைய கையில் பாதி கடித்த அப்பிள் ஒன்று இருந்தது. கடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குளவி நிதானமாக வெளியே வந்து, அவளுடைய பெருவிரலில் நடந்து, பறந்து போனது.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. டென்மார்க்குக்கு வந்த ஐந்து மாதங்களில் என் மகள் நேரே என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதை வாசித்துவிட்டு எஸ்பியர்க்கிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, மனுசியும் பிள்ளையளும் பிளேனால இறங்கினதோட நிப்பாட்டிப் போட்டியள். பிள்ளையள் உங்களை அடையாளம் கண்டவையோ, இல்லையோ? அதையல்லோ எழுதவேணும்" என்றார்.

அவர் கேட்டது சரிதான். ஆனால் அதற்குப் பதில் சொல்வதென்றால் விமான நிலையத்தைப் பற்றி எழுதிப் பயனில்லை. அப்பிள் தோட்டத்துக்குத்தான் போகவேண்டும்.

அவரிட்டைக் கேள்

நான் என் ஊரான இளவாலையை விட்டு வெளிக்கிட்டபோது என் மனைவி றெஜினாவுக்கு ஐந்து மாதம். மகன் றொஷானுக்கு இரண்டரை வயது. வயிற்றில் இருந்தது டிலானி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அகதியாக ஏற்கப்பட்டவன் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று டெனிஷ் சட்டம் சொன்னது. நானும் விண்ணப்பம் போட்டேன். என்னைப்போல எத்தனையோ பேர் போட்டார்கள். பதில் வரவில்லை. விண்ணப்பங்களைப் பார்க்காமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டிருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு நீதிபதிகள் விசாரித்தார்கள், ஓர் அரசாங்கமே விலகியது. 'தமிழர் வழக்கு' என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெரிய மனிதர்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அந்த வழக்கின் சின்ன முனை ஒன்றுதான். அது என் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் றொஷான் என்னைக் கண்டதும் கையைத் தந்தான். பெரிய ஆட்களைக் கண்டால் கை கொடுக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டிலானி தாயின் பாவாடைக்குப் பின்னால் நின்று என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு தாயிடம் சொன்னாள்.

"அம்மா, படத்தில இருக்கிறவர் இவரை விட உயரம்."

அது நான் குளிர்ச்சட்டை போட்டு, யாருடையதோ ஒரு சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்து அனுப்பிய படம். கார் சின்னதாக இருந்தபடியால் நான் உயரமாகத் தெரிந்திருப்பேன்.

சில்க்போர்க்கில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. டிலானிக்கு நாலு வயது நிறைய இன்னும் சில கிழமைகள் இருந்தன. ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்பாள். தாயிடம் கேட்பாள், தமையனிடம் கேட்பாள், யன்னலில் வந்து நிற்கும் புறாவிடமும் கேட்பாள். என்னிடம் மட்டும் நேரே கேட்கமாட்டாள். என்னைப் பற்றி ஏதும் தெரியவேண்டும் என்றால் றொஷான் வழியாகத்தான் கேள்வி வரும்.

ஒரே மேசை. நான் ஒரு பக்கம். எதிரே இரண்டு பிள்ளைகள்.

"அண்ணா, அவரிட்டைக் கேள், அவர் இரவைக்கும் இஞ்சதான் படுக்கிறவரோ எண்டு."

றொஷான் என் பக்கம் திரும்புவான். "அப்பா, நீங்கள் இரவைக்கும் இஞ்சதான் படுக்கிறனீங்களோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு."

"ஓமாம்."

டிலானி யோசிப்பாள். "எல்லா நாளுமோ எண்டு கேள்."

இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நான் ஒரு பக்கம் சொன்னால் அவர் ஒரு வரி சொல்வார். டெனிஷ் ஓரளவு பிடிபட்ட பிறகு, இனி நடுவில் ஆள் தேவையில்லை என்று சந்தோசப்பட்டிருந்தேன். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருவன் வந்துவிட்டான், அதுவும் முன்பல் விழுந்தவன்.

றெஜினாவிடம் ஒருநாள் சொன்னேன், "இவள் எப்பதான் என்னோட கதைப்பாள்?"

"கதைப்பாள், விடுங்கோ," என்றாள். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "எனக்கும் சிலநேரம் நீங்கள் வேற ஆள் மாதிரித்தான் கிடக்கு. முந்தி நீங்கள் இப்பிடிக் கெதியாச் சாப்பிடமாட்டியள்," என்றாள்.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலம். அது என் வாயில் ஒட்டிக்கொண்டதை நான் கவனித்திருக்கவில்லை.

தெருவோரப் பெட்டி

நான் வேலை செய்தது யன்னல் செய்யும் இடம். என்னோடு ஒரே மெசினில் நின்றவன் பென்ட். ஐம்பது வயதிருக்கும், பெரிய உடம்பு, நாளுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டான். ஊரில் பள்ளிக்கூடத்தில் நான் ஜோசப். கோயில் பதிவேட்டில் மட்டும் யோசேப்பு. பென்ட் முதல்நாளே என்னை 'யோசெஃப்' என்றான். டெனிஷில் 'ஜே' எழுத்தை அப்படித்தான் உச்சரிப்பார்களாம். என் ஞானஸ்நானப் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது சில்க்போர்க்கில், மரத்தூளுக்கு நடுவில்.

ஒரு வெள்ளிக்கிழமை பென்ட் சொன்னான், "ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளைகளைக் கூட்டி வா. அக்காவிடம் அப்பிள் தோட்டம் இருக்கிறது. நாமே பறிக்கலாம்."

அப்பிளுக்கும் எனக்கும் அதற்கு முன்னரே ஒரு கதை உண்டு. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அகதி முகாமில் இருந்த முதல் இலையுதிர்காலம். நானும் வின்சன்ற் என்ற நண்பனும் பின்னேரங்களில் நடக்கப் போவோம். ஒரு வீட்டு வேலிக்கு வெளியே, தெருவோரத்தில், ஒரு மரப்பெட்டி நிறைய அப்பிள் வைத்திருந்தது. மேலே ஒரு மட்டையில் இரண்டே இரண்டு சொல். பக்கத்தில் ஆளில்லை.

எங்கள் ஊரில் அப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரைப் பார்க்க வாங்கிக்கொண்டு போகும் சாமான். கொழும்பிலிருந்து மென்கடதாசியில் சுற்றி வரும். அதை எட்டாக வெட்டுவார்கள். அப்படிப்பட்ட பழத்தை இப்படித் தெருவில் வைத்துவிட்டுப் போனால் அதில் ஏதோ சூது இருக்கவேண்டும் என்று வின்சன்ற் சொன்னான்.

அடுத்தநாள் அகராதியோடு போனோம். முதலாவது சொல்லுக்கு 'எடு' என்று போட்டிருந்தது. இரண்டாவது சொல்லுக்கு 'தான், தன்னை' என்று இருந்தது. வின்சன்ற் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான்.

"உன்னை எடுத்துக்கொண்டு போ எண்டு எழுதியிருக்கு. எங்களைத்தான் விலகிப் போகச் சொல்லுறாங்கள்."

நாங்கள் விலகிப் போனோம். ஒரு கிழமை முழுக்க அந்த வழியால் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தோம். மேலே இருந்த பழங்கள் சுருங்கின, பிறகு பழுப்பாகின. ஒருநாள் ஒரு கிழவி வெளியே வந்து, பெட்டியைக் குப்பையில் கவிழ்க்கப் போனவர் எங்களைக் கண்டு, "ஏன் நீங்கள் ஒருவரும் எடுக்கவில்லை?" என்பதுபோலக் கையை விரித்தார். 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் அந்த மட்டையில் இருந்தது என்று பிறகுதான் விளங்கியது.

இந்தக் கதையை பென்ட்டிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "ஒரு கிழமையா?" என்று மட்டும் கேட்டான்.

ஏவாளின் பழம்

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வர பென்ட் காரோடு கீழே நின்றான். ஏரியைச் சுற்றி, மேடும் பள்ளமுமான சின்னத் தெருக்களால் போனோம். வெயில் இருந்தது, சூடு இல்லை. டிலானி தாயின் மடியில் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பென்ட்டின் அக்கா கிர்ஸ்டன் மெலிந்த உயரமான மனுசி. இறப்பர் சப்பாத்துப் போட்டு, தன் மகளோடு வாசலில் நின்றார். எங்கள் ஒவ்வொருவருக்கும் கை தந்தார், டிலானிக்கும் குனிந்து தந்தார். டிலானி அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துவிட்டு விட்டாள்.

தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. மரங்கள் நான் நினைத்ததுபோலப் பெரியவை அல்ல. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வரிசை வரிசையாக. கிளைகள் பாரத்தில் தாழ்ந்து கிடந்தன. காற்றில் புளித்த வாசம் ஒன்று. விழுந்த பழங்கள் புல்லுக்குள் கிடந்து அழுகும் வாசம் அது. கெட்ட மணம் என்று சொல்லமுடியாது. கள்ளுக்கு வரும் மணத்துக்குக் கிட்ட இருந்தது.

கிர்ஸ்டன் ஒரு மரத்தைக் காட்டி, "இது இங்க்ரிட் மரி," என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். றெஜினா மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மரத்துக்கோ பேர்? எங்கட மரியா மாதாவோ?"

கேட்டேன். இந்த இனத்தை முதன்முதலில் தன் தோட்டத்தில் கண்டவர் தன் மகளின் பெயரை அதற்கு வைத்தார் என்று கிர்ஸ்டன் சொன்னார். ஒவ்வொரு இனத்துக்கும் இப்படி ஒரு பெயர் உண்டாம். றெஜினாவுக்கு அது பிடித்துவிட்டது. அன்று முழுக்க, "மரியா முடிஞ்சுது, அடுத்ததிட்டைப் போவம்," என்றுதான் சொன்னாள்.

பறிக்கவும் ஒரு முறை இருந்தது. பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையைக் கீழே கொடுத்து, மெல்ல மேலே தூக்கி, கொஞ்சம் திருப்பவேண்டும். பழுத்ததென்றால் தானாகக் கையில் வந்து இருக்கும். வராவிட்டால் விட்டுவிடவேண்டும். இழுத்துப் பிடுங்கினால் வருகிற வருசத்து மொட்டும் சேர்ந்து போய்விடும்.

றெஜினா முதல் பழத்தைத் தூக்கித் திருப்பினாள். வந்தது. அதைக் கையில் வைத்து நிறை பார்த்தாள். பிறகு அவளைப் பிடிக்கமுடியவில்லை.

றொஷான் மட்டும் கைகளை இரண்டு பொக்கற்றுக்குள்ளும் விட்டுக்கொண்டு நின்றான்.

"ஏன் ஐயா, பறிக்கேல்லையோ?"

"சிஸ்டர் படம் காட்டினவ. ஏவாள் மரத்தில இருந்து பறிச்சபடியால்தான் எல்லாரையும் துரத்தினவை." அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்களையும் திருப்பி அனுப்பிப் போடுவினமோ?"

நான் அதைச் சிரிப்பாக எடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. பென்ட்டிடம் சொன்னேன். பென்ட் றொஷானுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, "அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வேண்டாம் என்று சொன்னார். இந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி என் அக்கா. அவள் பறிக்கச் சொல்கிறாள்," என்றான். நான் அவனிடம் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

றொஷான் அதை என் வாயால் தமிழில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, ஏணி இருந்த மேல்வரிசைக்குக் கிர்ஸ்டனோடு போனான்.

டிலானி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்கு மரத்தில் இருந்த பழங்களை விட நிலத்தில் கிடந்த பழங்களில்தான் விருப்பம். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். ஓட்டை உள்ளதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து உள்ளே பார்த்தாள். கேள்வி வந்தபோது சுற்றிப் பார்த்தாள். றொஷான் அங்கே இல்லை. கேள்வியை விழுங்கிவிட்டு அடுத்த பழத்தை எடுத்தாள்.

நான் அதைக் கண்டேன். 'என்னட்டைக் கேள் அம்மா' என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் தாயிடம் ஓடிவிடுவாளோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் இருக்கும். அவள் என் முன்னால் வந்து வாயைத் திறந்தாள்.

பாசை தெரிந்தவர்

குளவி தோலில் குத்தினால் வீங்கி வற்றிவிடும். வாய்க்குள் குத்தினால் வேறு. நாக்கு வீங்கித் தொண்டையை அடைத்தால் மூச்சு நின்றுவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. பென்ட்டின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குளவி என்று நான் கத்தியதும் அவன் கையிலிருந்த கூடையை அப்படியே போட்டான்.

"எங்கே குத்தியது? வாய்க்குள்ளேயா? காருக்கு வா. இப்போதே."

றெஜினா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள். டிலானி தாயிடம் ஏதோ சொன்னாள். சொல் வரவில்லை, ஒரு சத்தம்தான் வந்தது. றெஜினா பிள்ளையோடு காரை நோக்கி நாலடி வைத்தாள், நின்றாள், மேல்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். றொஷான் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் அவள் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். பிள்ளையை என் கையில் தந்தாள்.

"நீங்கள் கொண்டு போங்கோ. உங்களுக்குத்தான் பாசை தெரியும். நான் அவனைக் கூட்டிக்கொண்டு பின்னால வாறன்."

நாலு வருசம் குண்டுக்கும் செல்லுக்கும் நடுவில் தனியாக வைத்துக் காத்த பிள்ளை அது. டிலானி தாயைப் பார்த்தாள். அழவில்லை. என் கழுத்தை ஒரு கையால் பிடித்தாள். மற்றக் கையில் அந்த அப்பிள் இன்னும் இருந்தது.

கிர்ஸ்டனின் வீட்டுக்கு முன்னால் பென்ட் காரை நிறுத்தாமலே மெதுவாக்கி, ஐஸ் வேண்டும் என்று கத்தினான். உள்ளே ஓடிவிட்டு வந்த அவருடைய மகள் கார் யன்னலால் குச்சி வைத்த ஐஸ்பழம் இரண்டைத் தந்தாள். "சூப்பட்டும், கடிக்கவேண்டாம்," என்றாள். நான் கடதாசியைப் பல்லால் கிழித்து டிலானியின் வாயில் வைத்தேன். "சூப்பு அம்மா. நாக்கில வைச்சுச் சூப்பு." அவள் சூப்பினாள். சிவப்புத் தண்ணீர் என் வெள்ளைச் சட்டையில் ஒழுகியது.

எத்தனை கிலோமீற்றர் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சுக்கு நடுவில் ஒரு சின்ன விசில் சத்தம் வந்தது. அது கூடுகிறதா குறைகிறதா என்பதைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி பிள்ளையின் அடையாள இலக்கம் கேட்டார். பத்து இலக்கம். இந்த நாட்டில் அது இல்லாமல் ஒரு பல்லும் பிடுங்கமுடியாது. நான் யோசிக்காமல் சொன்னேன். முழுப்பெயர் கேட்டார், சொன்னேன். பிறந்த திகதி, பிறந்த இடம். என் பிள்ளையை நான் கண்ணால் காணாத காலத்தில் எத்தனை படிவத்தில் அதை எழுதியிருப்பேன். எனக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் படிவங்களில் கேட்டவைதான்.

"ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று தாதி கேட்டார்.

அது படிவத்தில் இல்லாத கேள்வி.

"தெரியாது," என்றேன். "தாய்க்குத் தெரியும். தாய் வந்துகொண்டிருக்கிறார்."

தாதி என்னை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. 'தெரியாது' என்று எழுதிக்கொண்டு போனார். ஊசி போட்டார்கள். இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்க்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னார். நாக்கின் ஓரத்தில்தான் குத்தியிருக்கிறது, தொண்டைக்குக் கிட்ட இல்லை, உடனே ஐஸ் வைத்தது நல்லது என்றார்.

ஒரு சின்ன அறை. உயரக் கட்டில் ஒன்று. நானும் டிலானியும்.

இரண்டாவது ஐஸ்பழத்தின் பாதியில் அவளுக்குப் பேச்சுத் திரும்பியது. கேட்பதற்கு வேறு ஆள் இருக்கவில்லை.

"அந்தக் குளவி ஏன் உள்ளுக்கு இருந்தது?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன், யாரிடம் கேட்கிறாள் என்று. பிறகு சொன்னேன். "இனிப்புத் தின்ன வந்தது."

"அதுக்கு அதுதான் வீடோ?"

"இல்லை. வீடு வேற இடத்தில இருக்கும்."

"நான் கடிச்சது அதுக்கு நொந்ததோ?"

"அது பறந்து போட்டுது. ஒண்டுமில்லை அதுக்கு."

கொஞ்ச நேரம் சூப்பினாள். அடுத்த கேள்வியை அவள் புதிதாக யோசித்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஏற்கனவே வரிசையில் நின்றது போலிருந்தது.

"நீங்கள் ஏன் எங்களோட இருக்கேல்லை?"

"நான் இஞ்ச வந்திட்டன். நீங்கள் வாறத்துக்குக் கடதாசி வேணும். கடதாசி எழுதிக் குடுத்தனான். அதை வாங்கி ஒரு மேசைக்குள்ள வைச்சிட்டினம்."

"நீங்கள் போய்க் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். எத்தினையோ தரம் போய்க் கேட்டனான்."

"ஆரிட்டை?"

"ஒரு மனுசியிட்டை. கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறவ."

"என்ன சொன்னவ?"

"பொறுத்திருங்கோ எண்டு."

டிலானி ஐஸ்பழத்தின் குச்சியைப் பார்த்தாள். "அவவுக்கும் பிள்ளையள் இருக்கோ?"

"தெரியாது. நான் கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

இரண்டு வருசத்துக்கு மேலாக ஒரு மனுசியின் முகத்துக்கு நேரே போய் நின்றிருக்கிறேன். என் பிள்ளைகளைப் பற்றித்தான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே யாரும் இருப்பார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

"அடுத்த முறை கேக்கிறன்," என்றேன்.

றெஜினாவும் றொஷானும் கிர்ஸ்டனின் காரில் வந்து சேர்ந்தபோது டிலானி நித்திரை. றெஜினா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மூச்சைக் கேட்டாள். பிறகு ஒரு கதிரையில் இருந்து, இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாக, சத்தமில்லாமல் அழுதாள். றொஷான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பை அப்பிளோடு நின்றான். எல்லாம் தானே பறித்தது என்று என் காதுக்குள் சொன்னான்.

கண்ணாடிக்குப் பின்னால்

அடுத்த மாதம் வதிவிட அனுமதி விசயமாக அதே அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்தது. அதே கண்ணாடி. அதே மனுசி. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் ஒருநாளும் என்னோடு கடுமையாகப் பேசியதில்லை என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன். கடதாசிகளை வாங்கி, முத்திரை குத்தி, நீட்டினார்.

நான் எடுக்காமல் நின்றேன்.

"இன்னும் ஏதாவது?"

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஏன் கேட்கிறீர்கள்?"

"என் மகள் கேட்கச் சொன்னாள்."

எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் மறுமொழி சொல்லமாட்டார் என்று நினைத்தேன்.

"ஒரு மகள். பதினொரு வயது," என்றார்.

நன்றி சொல்லிக் கடதாசியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டடி போயிருப்பேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நான் ஒன்று கேட்கலாமா? உங்கள் விண்ணப்பத்தோடு ஒரு கைக்குழந்தையின் படம் இருந்தது. கன்னத்தில் ஒரு பெரிய கறுப்பு வட்டம். அது பிறவியிலேயே உள்ள அடையாளமா? இப்போதும் இருக்கிறதா? நான் பல தடவை யோசித்திருக்கிறேன்."

"இல்லை," என்றேன். "அது மை. பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் இருக்க வைப்பது. கழுவினால் போய்விடும்."

"கழுவினால் போய்விடும்," என்று அவர் திருப்பிச் சொன்னார். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததுபோல இருந்தது. பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினேன். டிலானி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான். இருக்காம். ஒரு பொம்பிளைப் பிள்ளை." படத்தைப் பற்றியும் சொன்னேன். கன்னத்துப் பொட்டை அந்த மனுசி இவ்வளவு நாளும் நினைவில் வைத்திருந்ததைச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

டிலானி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப அவ என்னைப் பாத்தவவோ?"

"ஓம். படத்தில பாத்தவ."

"பாத்திட்டும் ஏன் வர விடேல்லை?"

நான் ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் என் முழந்தாளைப் பிடித்து ஏறி, மடியில் வசதியாக இருந்துகொண்டு, பதில் வரும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.